ஜீரோவுக்குக் கவசம் போட்டிருந்தால் ஜப்பான் தப்பித்திருக்குமா?

இழையைத் தொடங்கிய கேள்வி, மார்ச் 4, மாலை 6:15

ஜப்பான் கடற்படையின் ஜீரோ போர் விமானத்தில் விமானியின் முதுகுக்குப் பின்னால் ஒரு தகடுகூடக் கிடையாது. டேங்கில் குண்டு பாய்ந்தால் ஓட்டையைத் தானாக அடைத்துக்கொள்ளும் ரப்பர் உறையும் கிடையாது. அமெரிக்க விமானங்களில் இரண்டும் இருந்தன. உயிரை மதிக்காத சாமுராய்ப் புத்திதான் இதற்குக் காரணம். கவசம் மட்டும் போட்டிருந்தால் பசிபிக் போரே வேறு மாதிரி முடிந்திருக்கும். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மார்ச் 4, இரவு 9:50

மறுக்கிறேன். சாமுராயை ஓரமாக உட்கார வைத்துவிட்டு எடைக் கணக்கைப் பாருங்கள்.

1937 அக்டோபரில் கடற்படை மிட்சுபிஷி, நகாஜிமா என்ற இரண்டு விமானக் கம்பெனிகளிடம் ஒரு தேவைப் பட்டியலைக் கொடுத்தது. 4,000 மீட்டர் உயரத்தில் மணிக்கு 500 கி.மீ. வேகம். கூடுதல் டேங்க் மாட்டிச் சிக்கனமாகப் பறந்தால் 6 முதல் 8 மணி நேரம் வானில் நிற்க வேண்டும். இறக்கையில் இரண்டு 20 மி.மீ. பீரங்கி, மூக்கில் இரண்டு 7.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி. திசை காட்டும் ரேடியோ. கப்பல் தளத்திலிருந்தே ஏறி இறங்க வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு, வளைந்து திரும்புவதில் பழைய 96-ஆம் வகை விமானத்துக்கு ஒரு மாற்றும் குறையக் கூடாது.

நகாஜிமா 1938 ஜனவரியில் கையை விரித்துவிட்டது. மிட்சுபிஷியின் வடிவமைப்பாளர் ஹொரிகோஷி ஜிரோ ஒப்புக்கொண்டார். முதல் மாதிரியில் அவர் பொருத்திய சுய்சேய் என்ஜின் 780 குதிரைத்திறன். அதே காலத்து பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயருக்கு 1,000-ஐத் தாண்டிய என்ஜின் கிடைத்திருந்தது.

அந்தப் பட்டியலில் கவசம் என்ற பேச்சே இல்லை என்பதையும் கவனியுங்கள். கடற்படை கேட்கவில்லை, அவர் கொடுக்கவில்லை. 1937-ல் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்கள் இரண்டுக்கும் முதுகுத் தகடும் டேங்க் உறையும் போர் தொடங்கிய பிறகுதான் வந்தன.

மார்ச் 4, இரவு 10:20

இன்னொன்று. அந்தத் தேவைப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் நம்ம ஊர் ‘மணமகள் தேவை’ விளம்பரம்தான் நினைவுக்கு வருகிறது. பொறியியல் பட்டம், கைநிறையச் சம்பளம், வீட்டு வேலையில் தேர்ச்சி, எதிர்த்துப் பேசாத குணம், எல்லாம் ஒரே ஆளிடம்.

1938-ல் இதைப் பற்றிக் கடற்படைக்குள்ளேயே சண்டை நடந்தது. கெண்டா மினோரு வளைந்து சண்டை போடும் திறன்தான் முக்கியம் என்றார். ஷிபாடா தகேயோ வேகமும் தூரமும்தான் முக்கியம், வளைவதைப் பயிற்சியால் சரிக்கட்டலாம் என்றார். இருவரும் அனுபவமுள்ள விமானிகள், இருவரிடமும் நியாயம் இருந்தது. மத்தியஸ்தம் செய்ய வேண்டியவர்கள் இரண்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பாவம் ஹொரிகோஷி.

மார்ச் 5, காலை 7:10

மேலே ஒருவர் ‘ஜீரோ அமெரிக்க விமானத்தின் காப்பி’ என்று எழுதியிருக்கிறார். இது போர்க்காலத்தில் அமெரிக்கர்கள் தங்களைத் தாங்களே தேற்றிக்கொண்ட கதை. புரொப்பெல்லர் அமெரிக்க ஹாமில்டன் உரிமத்தில் செய்தது, 20 மி.மீ. பீரங்கி சுவிஸ் ஓர்லிகோன் உரிமத்தில் செய்தது, உண்மைதான். அந்தக் காலத்தில் எல்லா நாடும் இப்படி உரிமம் வாங்கித்தான் செய்தன. விமானத்தின் உடம்பு முழுக்க அவர்கள் மூளை.

எனக்குத் தெரிந்த விஷயம் உலோகம், அதைச் சொல்கிறேன். கோவையில் சிஎன்சி பட்டறையில் வேலை. 7075 அலுமினியக் கட்டை வந்தால் எங்களுக்கு ஒரு மரியாதை உண்டு. விலை அப்படி. எடை அலுமினியம், வலு கிட்டத்தட்ட சாதாரண இரும்பு. ஒரு துண்டு ஸ்க்ராப் ஆனால் சூப்பர்வைசர் முகம் மாறிவிடும். இதை அமெரிக்காவின் அல்கோவா 1943-ல் கொண்டுவந்தது. ஆனால் அதே குடும்பத்துக் கலவையை ஜப்பானில் சுமிட்டோமோ 1936-லேயே செய்துவிட்டது. துத்தநாகம் சேர்த்த அலுமினியம் வலுவானது, ஆனால் நாள்படத் தானாக விரிசல் விடும். கொஞ்சம் குரோமியம் சேர்த்து அந்தக் குணத்தை அடக்கினார்கள். ஜீரோவின் இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் அந்த உலோகம்.

எடையைக் குறைக்க இன்னும் என்னென்னவோ செய்தார்கள். பொதுவாக இறக்கையைத் தனியாகச் செய்து உடலோடு போல்ட் போட்டு இணைப்பார்கள். இணைப்பு என்றால் கனம். ஜீரோவில் இரண்டு இறக்கையும் விமானி உட்காரும் பகுதியும் ஒரே துண்டு. பிரிக்க வேண்டுமானால் விமானிக்குப் பின்னால் உடலைக் கழற்ற வேண்டும். உள்ளே தகடுகளில் கண்ட இடத்திலெல்லாம் வட்ட ஓட்டை, வலு தேவைப்படாத ஒவ்வொரு கிராமையும் வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

கம்பெனிப் பயிற்சிக்காக ஜப்பான் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை டோக்கியோவில் உவெனோ அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு ஜீரோவைப் பார்த்தேன். தென் பசிபிக்கில் ஜப்பானின் தளமாக இருந்த ரபாவுலில் இரண்டு இருக்கையாக மாற்றியமைத்த விமானம் அது. தகடு அவ்வளவு மெல்லிசு. ரிவெட் தலை வெளியே துருத்தவே இல்லை, கை வைத்தால் வழுக்கும் போல இருந்தது (கை வைக்க விடமாட்டார்கள்). எங்கள் பட்டறையில் இந்த அளவு மெல்லிய பாகத்தை இழுக்காமல் கடைந்து எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

மார்ச் 5, மதியம் 1:30

மாட்டுவண்டிக் கதை உண்மையா என்று கேட்டவருக்கு: உண்மை. 1939 மார்ச்சில் முதல் மாதிரியை நகோயா தொழிற்சாலையிலிருந்து ககாமிகஹாரா விமானத் தளத்துக்கு மாட்டுவண்டியில்தான் கொண்டுபோனார்கள். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஓடுபாதை இல்லை, சாலை மோசம், லாரியில் ஏற்றினால் குலுங்கி அடிபடும். ஏப்ரல் 1-ல் முதல் பறப்பு. போர் முடியும்வரை இந்த நிலை பெரிதாக மாறவில்லை என்பதுதான் வேடிக்கை.

மார்ச் 6, இரவு 11:05

எடை குறைப்பைப் புகழ்ந்து எழுதிவிட்டேன், அதற்குக் கொடுத்த விலையையும் எழுத வேண்டும்.

1940 மார்ச் 11. இரண்டாவது மாதிரி விமானம் கீழ்நோக்கிப் பாயும் சோதனையில் வானிலேயே சிதறியது. சோதனை விமானி ஒகுயாமா மசுமி இறந்தார். வால் சுக்கானின் எதிர்எடை உடைந்து அதிர்வு கிளம்பியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1941 ஏப்ரல் 17. லெப்டினன்ட் ஷிமோகாவா மன்பெய், இன்னொரு விமானத்தில் தெரிந்த அதிர்வுக்குக் காரணம் தேடப் பாய்ந்தார். இறக்கை ஓரத்துச் சுக்கான் பிய்ந்து விமானம் கடலில் விழுந்தது. அவரும் போனார். விசாரித்தபோது, காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்த சிறிய மாதிரியின் விறைப்பு உண்மையான இறக்கையின் விறைப்போடு பொருந்தவில்லை என்று தெரிந்தது. கணக்குப்படி பாதுகாப்பான வேகத்தில் நிஜ இறக்கை முறுக்கி நடுங்கியிருக்கிறது. அப்புறம் தகட்டைத் தடிமனாக்கினார்கள், வேக வரம்பு போட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்த கடற்படைப் பொறியாளர் மட்சுதைரா தடாஷி போருக்குப் பிறகு ரயில்வே ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார். வேகத்தில் ரயில் சக்கரத் தொகுதி பக்கவாட்டில் ஆடுவதை அதே அதிர்வுக் கணக்கைக் கொண்டு ஆராய்ந்தார். ஷின்கான்சென் ரயில் அந்த வேலையின் மேல்தான் ஓடுகிறது. எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகவும் பிடித்த ஆள் இவர்தான், ஹொரிகோஷிகூட இல்லை.

மார்ச் 7, மாலை 5:40

மட்டக்களப்பு நண்பர் கேட்டது: "ஹெர்மிஸ் கப்பலை மூழ்கடித்தது ஜீரோவா?"

இல்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஹெர்மிஸை மூழ்கடித்தவை பாய்ந்து குண்டு போடும் ஐச்சி விமானங்கள். பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான ஹெர்மிஸில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கப்பல் இன்னும் உங்கள் கடலடியில்தான் கிடக்கிறது.

ஜீரோவின் வேலையைப் பார்க்க வேண்டுமானால் அதற்கு முந்தைய ஞாயிறு, ஏப்ரல் 5, ஈஸ்டர் நாள் கொழும்பு. குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக 36 ஜீரோக்கள் வந்தன. இலங்கையின் கொக்கலையிலிருந்து போன கேட்டலினா ரோந்து விமானம் முதல் நாளே ஜப்பான் கப்பல்களைப் பார்த்துச் செய்தி அனுப்பியிருந்தது. அப்படியும் காலையில் ஜப்பானியர் தலைக்கு மேல் வந்தபோது ரத்மலானையில் ஹரிக்கேன்கள் தரையில் நின்றன. குதிரைப் பந்தயத் திடலிலிருந்து கிளம்பியவையும் உயரம் பிடிப்பதற்குள் மாட்டிக்கொண்டன. இருபதை ஒட்டிய ஹரிக்கேன்கள் போயின. ஜப்பானியர் இழந்த ஏழு விமானங்களில் ஜீரோ ஒன்றே ஒன்று.

இழையைத் தொடங்கிய நண்பர் இதைக் கவனிக்க வேண்டும். அந்த ஹரிக்கேன்களில் கவசத் தகடும் இருந்தது, டேங்க் உறையும் இருந்தது.

மறுநாளே, ஏப்ரல் 6-ல், ரியூஜோ கப்பலின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னை காலியானது இந்தப் பீதியில்தான். உயிர்க் காட்சிசாலை மிருகங்களைச் சுட்டுக் கொன்றதும் அப்போதுதான். எங்கள் பாட்டி சென்னையிலிருந்து ஊருக்கு ஓடி வந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது ஜப்பான்காரன் குண்டு என்பதைவிட அந்தச் சிங்கத்தைச் சுட்டதைத்தான் அதிகம் சொல்வார்.

மார்ச் 7, இரவு 9:15

ஒருவர் தனிச்செய்தியில்: "சரி, தூரம் தூரம் என்கிறீர்கள், அப்படி என்ன தூரம்?"

1941 டிசம்பர் 8. தைவானிலிருந்து கிளம்பி பிலிப்பைன்ஸில் கிளார்க், இபா தளங்களைத் தாக்கிவிட்டுத் திரும்பினார்கள். ஒரு வழி மட்டும் 800 கி.மீ.க்கு மேல், நடுவில் கடல். பக்கத்தில் எங்கோ விமானந்தாங்கிக் கப்பல் இருக்க வேண்டும் என்று அமெரிக்கர்கள் தேடினார்கள். கப்பலே இல்லை. விமானிகள் என்ஜின் சுற்றைக் குறைத்து, எரிபொருள் கலவையை மெலிதாக்கி, மாதக்கணக்கில் சிக்கனமாகப் பறக்கப் பழகியிருந்தார்கள்.

அதே தூரம்தான் பிறகு கழுத்தை அறுத்தது. ரபாவுலிலிருந்து, 1942-ல் சண்டை நடந்த குவாடல்கனல் தீவு 1,000 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். போய், பத்துப் பதினைந்து நிமிடம் சண்டை போட்டு, திரும்பிவர வேண்டும். ஜீரோ விமானி சகாய் சபுரோ 1942 ஆகஸ்ட் 7-ல் தலையில் அடிபட்டு, ஒரு கண் பார்வை போய், ரத்தம் வழிய நாலே முக்கால் மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. லேசாக அடிபட்ட விமானம்கூட வழியில் கடலில் விழுந்தது. அந்த நேரம் பார்த்துப் புதிதாக வந்த 32-ஆம் மாடலுக்கு இறக்கை நுனியை வெட்டி, பெரிய என்ஜினுக்கு இடம் விட்டு டேங்கைச் சுருக்கியிருந்தார்கள். வேகம் கொஞ்சம் கூடியது, குவாடல்கனலுக்குப் போய்த் திரும்ப முடியவில்லை. மறுபடி நீள இறக்கையும் கூடுதல் டேங்கும் வைத்து 22-ஆம் மாடல். எண் குறைகிறதே என்று குழம்ப வேண்டாம். முதல் இலக்கம் உடலமைப்பு, இரண்டாவது என்ஜின்.

மார்ச் 9, காலை 6:30

‘அலாஸ்காவில் கிடைத்த ஜீரோவைப் பிரித்துப் பார்த்துத்தான் அமெரிக்கர்கள் ஹெல்கேட் போர் விமானத்தைச் செய்தார்கள்.’ இந்த வரி எந்த விவாதத்திலும் தவறாமல் வரும், இங்கும் வந்துவிட்டது.

தேதியைப் பாருங்கள். 1942 ஜூன் 4-ல் கோகா தடயோஷி அகுடான் தீவில் தரையிறங்கப் பார்த்தார். புல் தரை என்று நினைத்த இடம் சதுப்பு. விமானம் தலைகீழாகப் புரண்டது, அவர் கழுத்து முறிந்து இறந்தார். அமெரிக்கர்கள் அதைக் கண்டது ஜூலை 10. ஹெல்கேட்டின் முதல் மாதிரி பறந்தது ஜூன் 26. கிடைக்காத விமானத்தைப் பார்த்து எப்படிக் காப்பி அடிப்பது?

அந்த ஜீரோவால் பயன் இல்லை என்று சொல்லவில்லை. செப்டம்பரில் சான் டியகோவில் பறக்கவிட்டபோது இரண்டு விஷயம் தெரிந்தது. வேகம் மணிக்கு சுமார் 370 கி.மீ.யைத் தாண்டினால் இறக்கைச் சுக்கான் கல்லாக இறுகுகிறது, உருள முடிவதில்லை. சட்டென்று மூக்கைக் கீழே அழுத்தினால் கார்புரேட்டரில் எரிபொருள் தடைப்பட்டு என்ஜின் விக்குகிறது. அப்படியானால் ஜீரோ பின்னால் வந்தால் பாய்ந்து வேகம் பிடி, உருண்டு திரும்பு. விமானிகளுக்கு இது தங்கமான தகவல். ஆனால் அமெரிக்க விமானி தாட்ச், இரண்டு விமானங்கள் மாறி மாறிக் குறுக்கே வந்து ஒன்றையொன்று காக்கும் தன் பின்னல் வியூகத்தை மிட்வே சண்டையிலேயே, ஜூன் 4 அன்றே, பயன்படுத்திவிட்டார்.

மார்ச் 9, இரவு 10:45

இப்போது அசல் விஷயம். இழையின் கேள்வி கவசம். என் பதில் வாரிசு.

ஜீரோ 1937-ன் கேள்விக்கு 1940-ல் வந்த அற்புதமான விடை. 1943-ல் அது ஓய்வுபெற்றிருக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படை தன் பழைய வைல்ட்கேட் போர் விமானத்தை ஹெல்கேட்டாலும் கோர்சேராலும் மாற்றியது, இரண்டிலும் 2,000 குதிரைத்திறன் என்ஜின். வெறும் ஹெல்கேட்டின் எடை 4,000 கிலோவுக்கு மேல். எரிபொருள், ஆள், குண்டு எல்லாம் ஏறிய 21-ஆம் மாடல் ஜீரோ சுமார் 2,400 கிலோ. இவை இரண்டும் எதிரெதிரே மோதின.

வாரிசுகள் ஏன் வரவில்லை? மூன்று பேரைப் பார்ப்போம்.

ரெய்டன். தரையிலிருந்து ஏறிக் குண்டுவீச்சு விமானங்களைத் தடுக்க. குண்டுவீச்சு விமானத்துக்கான குண்டான கசேய் என்ஜினை வைத்து, மூக்கை ஒல்லியாக்க அச்சை நீட்டி, குளிர்விக்க விசிறி வைத்தார்கள். 1942 மார்ச்சில் பறந்தது. நீட்டிய அச்சும் புரொப்பெல்லரும் சேர்ந்து அதிர்ந்தன. அதைச் சரிசெய்யவே காலம் போயிற்று. மொத்தமே ஐந்நூறு அறுநூறு விமானம்.

ரெப்பு. ஜீரோவின் நேரடி வாரிசு. 1940-ல் பேச்சு தொடங்கியது, பொருத்தமான என்ஜின் இல்லை என்று 1941 தொடக்கத்தில் கைவிட்டார்கள், 1942-ல் மறுபடி எடுத்தார்கள். மிட்சுபிஷி தன் புது என்ஜினைப் போடலாம் என்றது. கடற்படை நகாஜிமாவின் ஹோமாரேதான் வேண்டும் என்றது. 1944 மே மாதம் பறந்தபோது 600 கி.மீ. வேகத்தைக்கூடத் தொடவில்லை. அக்டோபரில் மிட்சுபிஷி என்ஜினை மாட்டினார்கள், 620-ஐத் தாண்டியது. கடற்படை மனம் மாறியது. டிசம்பர் 7-ல் நகோயாப் பகுதியில் பெரிய நிலநடுக்கம், தொடர்ந்து அமெரிக்க பி-29 விமானங்களின் குண்டுவீச்சு. பத்து விமானம்கூடச் செய்து முடிக்கவில்லை.

ரெய்டன், ரெப்பு, ஜீரோவின் ஒவ்வொரு திருத்தம், எல்லாம் அதே ஹொரிகோஷி குழுவின் மேசையில். அவரே நடுவில் உடல்நலம் கெட்டு ஒதுங்கினார். எங்கள் பட்டறையிலும் பார்த்திருக்கிறேன், புரோகிராம் போடத் தெரிந்த ஒரே ஆளிடம் எல்லா அவசர வேலையையும் கொட்டுவார்கள். எல்லாமே தாமதமாகும்.

மூன்றாவது ஷிடென். அதற்குத் தனிக் குறிப்பு வேண்டும்.

மார்ச் 10, இரவு 8:20

ஷிடென். இதைத்தான் எழுதக் காத்திருந்தேன்.

கவானிஷி பறக்கும் படகு செய்யும் கம்பெனி. கடற்படை அவர்களிடம் 1940-ல் ஒரு மிதவைப் போர் விமானம் கேட்டது, ஓடுபாதை இல்லாத தீவுகளுக்காக. கியோஃபு என்று பெயர். அது 1942 மே மாதம் பறந்தபோது அப்படிப்பட்ட விமானத்துக்கான தேவையே கரைந்துகொண்டிருந்தது. (இடைக்காலத்துக்கு நகாஜிமா ஜீரோவுக்கே மிதவை மாட்டி 327 விமானம் செய்துகொடுத்தது.) ஆனால் கவானிஷிக்காரர்கள் அதற்கு முன்பே, யாரும் கேட்காமல், மிதவையைக் கழற்றிச் சக்கரம் மாட்டலாம் என்று தொடங்கிவிட்டார்கள். 1942 டிசம்பரில் பறந்தது.

இறக்கை உடலின் நடுவில் இருந்ததால் சக்கரக் கால் நீளமாக வேண்டியிருந்தது. நீளமான கால் இறக்கைக்குள் அடங்காது. ஆகவே மடங்கும்போது சுருங்கும் கால். அடிக்கடி உடைந்தது. அடுத்ததாக இறக்கையைக் கீழே இறக்கி, காலைக் குட்டையாக்கி, ஷிடென் கய் (திருத்திய ஷிடென்) செய்தார்கள். பாகங்கள் 66,000-லிருந்து 43,000 ஆகக் குறைந்தன. உற்பத்தியில் வேலை செய்பவன் என்ற முறையில் என்னை இழுப்பது இந்த எண்தான். வேகத்தைவிட இதுதான் பெரிய சாதனை.

இன்னொரு அழகு, தானியங்கிச் சண்டை ஃபிளாப், அதாவது இறக்கையின் பின் ஓரத்தில் கீழே இறங்கும் மடிப்பு. ஒரு பாதரசக் குழாய் வேகத்தையும் வளைவின் அழுத்தத்தையும் உணர்ந்து, விமானி கை வைக்காமலே ஃபிளாப்பைத் தேவையான அளவுக்கு இறக்கும். கனமான விமானம் ஜீரோ மாதிரி வளையும். கெண்டாவும் ஷிபாடாவும் சண்டை போட்ட விஷயத்துக்கு ஒரு பாதரசக் குழாய் பதில் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். அதே கெண்டாதான் 343-ஆம் படையை இந்த விமானங்களோடு மட்சுயாமாவில் அமைத்து 1945 மார்ச் 19-ல் அமெரிக்கர்களைத் திணறடித்தார். ஷிடென் கய் செய்ததோ சுமார் 400 விமானம்.

மார்ச் 10, இரவு 8:50

ஹோமாரே என்ஜினைத் திட்டி வந்த பதில்களுக்கு: என்ஜின் மோசமில்லை. 18 சிலிண்டர், 2,000 குதிரைத்திறன் வகை, விட்டம் 118 செ.மீ.தான். 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும் என்று நினைத்து வடிவமைத்தார்கள், அது வரவில்லை. குறைந்த ஆக்டேனில் தண்ணீரும் மெத்தனாலும் பீய்ச்சி ஓட்டினார்கள். தேர்ந்த தொழிலாளிகள் படைக்குப் போய், பள்ளிப் பிள்ளைகள் லேத்தில் நின்றார்கள். இவ்வளவு இறுக்கமான என்ஜினுக்கு அந்த நிலைமை தாங்காது.

மார்ச் 12, காலை 7:00

வாரிசுதான் காரணம் என்று எழுதியதில் நிற்கிறேன், ஆனால் அதற்கும் பின்னால் ஒரு படி போக வேண்டும். நேற்று முழுக்க இதுவே மண்டையில் ஓடியது.

1937-ல் ஹொரிகோஷிக்கு முன்னால் இரண்டு மிட்சுபிஷி என்ஜின்கள் இருந்தன. சிறிய சுய்சேய், பெரிய கின்சேய். கின்சேயில் அப்போதே 1,000 குதிரைத்திறன், மேலும் வளர இடமும் இருந்தது. அவர் சிறியதை எடுத்தார். பெரிய, கனமான விமானத்தை 96-ஆம் வகையில் பழகிய விமானிகள் ஏற்கமாட்டார்கள் என்ற கணக்கு. பிறகு கடற்படை நகாஜிமாவின் சகாயேயைப் போடச் சொன்னது. அதுவும் சிறிய என்ஜின், 1,130-க்கு மேல் பெரிதாக ஏறவில்லை.

இழையைத் தொடங்கிய நண்பர் ஆசைப்பட்ட, கவசம் போட்ட ஜீரோவும் உண்மையிலேயே வந்தது. 1944-ல் 52-ஆம் மாடலின் கடைசி வடிவங்களில் தீயணைப்பு அமைப்பு, குண்டு துளைக்காத கண்ணாடி, முதுகுத் தகடு, கூடுதல் 13.2 மி.மீ. துப்பாக்கிகள் எல்லாம் வந்தன. என்ஜின் மட்டும் அதே சகாயே. விமானம் கனத்தது, ஏறும் வேகம் குறைந்தது, ஜீரோவிடம் இருந்த ஒரே நல்ல குணமும் போனது. கின்சேய் போட்ட ஜீரோ பறந்தது 1945 ஏப்ரலில், இரண்டே மாதிரிகள்.

அதற்குள் ஜீரோவுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டிருந்தார்கள். 1944 அக்டோபர் 25-ல் செகி யுகியோவின் குழு 250 கிலோ குண்டைக் கட்டிக்கொண்டு பிலிப்பைன்ஸின் லேய்ட்டேயில் கப்பல்கள் மேல் தற்கொலைத் தாக்குதலாக மோதியது. அந்த வேலைக்குக் கவசம் எதற்கு?

மார்ச் 12, மாலை 6:10

ஷின்டென் போர் விமானம் (ஷிடென் அல்ல) பற்றிக் கேட்டவருக்கு: புரொப்பெல்லர் பின்னால், சிறிய இறக்கை முன்னால். 1945 ஆகஸ்ட் 3-ல்தான் முதன்முதலில் பறந்தது. இந்த இழையில் அதை இழுக்க வேண்டாம், தனி இழை திறங்கள், வருகிறேன்.